சிப் இல்லாத டேக்: உருவமே நம்பர்

சூப்பர் மார்க்கெட்டுல கொஞ்சம் விலை அதிகமான சாமான் ஏதாவது வாங்கினா, பின்பக்கம் ஒரு சதுர ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? மேல சும்மா பேருக்கு பார்கோடு மாதிரி கோடு போட்டிருக்கும். அதை மெதுவா உரிச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பல ஸ்டிக்கர்ல உள்ள சுத்திச் சுத்திப் போற ஒரு அலுமினியச் சுருள் தெரியும். அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. ஆனா பில் போடாம தூக்கிட்டுப் போனா, வாசல்ல நிக்கிற ரெண்டு தூணும் 'கீ கீ'ன்னு கத்தி நம்ம மானத்தை வாங்கிடும்.

விஷயம் ரொம்ப சிம்பிள். அந்தச் சுருளும் அதோட சேர்ந்த ஒரு குட்டி கெப்பாசிட்டரும் 8.2 மெகாஹெர்ட்ஸ்ல ஒத்ததிர்வு ஆகுற மாதிரி செஞ்சிருக்காங்க. வாசல் தூண் அந்த அதிர்வெண்ணைச் சுத்தி மேலயும் கீழயும் துழாவிக்கிட்டே இருக்கும். சுருள் கிட்ட வந்தா கொஞ்சம் சக்தியை இழுத்துக்கும், தூணுக்குத் தெரிஞ்சிடும். பில் போடுறப்ப கவுன்ட்டர்ல ஒரு பலகை மேல வச்சு எடுக்கறாங்களே, அப்போ கெப்பாசிட்டர் பொசுங்கிப்போகும். அப்புறம் தூண் வாயைத் திறக்காது. ஆக அந்த ஸ்டிக்கர் உலகத்துக்குச் சொல்றது 'இருக்கேன்', 'இல்லை', இந்த ரெண்டுல ஒண்ணுதான். அதாவது 1 பிட்.

இதே வித்தையில 1 பிட்டுக்குப் பதிலா 20, 30 பிட் எழுத முடியுமா? இதுதான் சிப்பில்லா ஆர்.எஃப்.ஐ.டி. என்னோட எம்.இ. ப்ராஜெக்ட்டும் இதுதான். தலைப்பைப் பாத்துட்டு ஓடிப் போகாதீங்க மக்களே, பயமுறுத்துற ஃபார்முலா ஒண்ணும் வராது. வர்றதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

எதுக்காக சிப்பைத் தூக்கணும்?

முதல்ல பார்கோடு. 1974 ஜூன் 26 அன்னிக்கு அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ட்ராய்ங்கிற ஊர் சூப்பர் மார்க்கெட்டுல ஒரு சூயிங்கம் பாக்கெட்டை 'பீப்'னு ஸ்கேன் பண்ணினாங்க. இப்போ கடைகள்ல இருக்கிற பார்கோடு முறையில பில் போட்ட முதல் பொருள் அதுதான். பார்கோடோட பெரிய பலம், அதுக்குத் தனியா காசு கிடையாது. லேபிள் அடிக்கிறப்பவே அதுவும் சேர்ந்து அச்சாகிடும். குறை என்னன்னா, அது கண்ணுக்குத் தெரியணும். மூட்டைக்குள்ள, பெட்டிக்குள்ள இருந்தா படிக்க முடியாது.

அதுக்குத்தான் ஆர்.எஃப்.ஐ.டி. ரேடியோ அலை அட்டைப்பெட்டியைத் தாண்டிப் போயிடும். டேக்ல ஒரு ஆன்டெனா, அதுல மணல் துகள் சைஸ்ல ஒரு சிப். ரீடர் அனுப்புற அலையில இருந்தே கரண்ட்டை எடுத்துக்கிட்டு சிப் முழிச்சு, தன்னோட நம்பரைச் சொல்லும். நம்ம ஊர் டோல்கேட்ல காட்டுற ஃபாஸ்டேக் இந்த ரகம்தான். 1999-ல எம்.ஐ.டி.யில ஆட்டோ-ஐடி சென்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சு, டேக் விலையை 5 சென்ட்டுக்குக் கொண்டு வரணும்னு கிளம்பினாங்க. 2003-ல வால்மார்ட், 'எங்களுக்கு சரக்கு அனுப்புற முதல் 100 கம்பெனிக்காரங்க 2005 ஜனவரிக்குள்ள பெட்டிகள்ல டேக் ஒட்டணும்'னு சொல்லுச்சு. பெட்டிக்குத்தான், கவனிங்க. பெட்டிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் இல்லை.

ஏன்? 5 சென்ட்னா இன்னைக்குக் கணக்குல 4 ரூபாய்க்கு மேல. எங்க ஊர் சிவகாசி. எங்க பக்கத்துத் தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ல இருந்துதான் 1 ரூபாயில இருந்து 2 ரூபாய் ஆச்சு. அந்த 1 ரூபாயை ஏத்துறதுக்கே 14 வருஷம் ஆச்சு. 2 ரூபாய்ப் பொருள்ல 4 ரூபாய் டேக்கை எவன் ஒட்டுவான்?

ஆக கனவு இதுதான். சிப்பைத் தூக்கிட்டு, நம்பரை பார்கோடு மாதிரி அச்சடிச்சிடணும். ஆனா கண்ணால இல்லாம ரேடியோவால படிக்கணும். ரெண்டோட நல்ல குணமும் ஒரே ஆள்கிட்ட!

கல்தூண் பாடுற மாதிரி

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில்ல இசைத்தூண் தட்டிப் பாத்தவங்க கையைத் தூக்குங்க. (இப்போ தட்ட விடமாட்டாங்க, அது வேற விஷயம்.) ஒரே கல்லுல செதுக்கின தூண்கள்தான். ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஸ்வரம் கொடுக்கும். எந்தத் தூணுக்குள்ளயும் யாரும் ஸ்வரத்தை எழுதி வைக்கலை. நீளமும் கனமும் சேர்ந்துதான் ஸ்வரம். உருவம்தான் பாட்டு.

ரெசொனேட்டரும் அப்படியே. ஒரு உலோகப் பட்டையை குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டி வச்சா, அது ஒரு குறிப்பிட்ட ரேடியோ அதிர்வெண்ணுக்கு மட்டும் ஆடும். 3 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 100 மி.மீ. அதுல கால்வாசி, 25 மி.மீ. ஆங்கில 'சி' எழுத்து மாதிரி ஒரு உலோக வடிவம் செஞ்சு, அதோட ரெண்டு கைக்கு நடுவுல இருக்கிற சந்து கிட்டத்தட்ட 25 மி.மீ. நீளம் இருந்தா, அது 3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பாடும். 5 கிகாஹெர்ட்ஸ்ல பாடணும்னா 15 மி.மீ. போதும். (வெறும் காத்துல இந்தக் கணக்கு. போர்டு மேலயோ பேப்பர் மேலயோ வச்சா நீளம் இன்னும் குறையும்.)

பேட்டரியும் இல்லாம சர்க்யூட்டும் இல்லாம ரெசொனேட்டர் மட்டுமே சேதி சொல்ல முடியும்ங்கறதுக்கு ஒரு சூப்பர் உளவுக் கதை இருக்கு. 1945 ஆகஸ்ட்ல சோவியத் பள்ளிப் பிள்ளைங்க மாஸ்கோவுல இருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு, மரத்துல செதுக்கின அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசா கொடுத்தாங்க. அவரும் சந்தோஷமா வாங்கி வீட்டுல மாட்டிட்டார். அதுக்குள்ள ஒரு உலோகக் குழியும், மெல்லிய சவ்வும், ஒரு குட்டி ஆன்டெனாவும் இருந்துச்சு. ரூம்ல யாராவது பேசினா சவ்வு ஆடும். ஆடினா குழியோட ஒத்ததிர்வு மாறும். வெளியில இருந்து ரேடியோ அலையை அடிச்சு, திரும்பி வர்றதைக் கேட்டா உள்ள பேசுற பேச்சு கேக்கும். செஞ்சவர் லியான் தெரமின். அதே பேர்ல ஒரு இசைக்கருவி இருக்கே, அதைக் கண்டுபிடிச்ச அதே மனுஷன்தான். 1952 வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை. 1960-ல ஐ.நா.வுல தூக்கிக் காட்டினாங்க. நம்ம டேக்குக்கு இது ஒண்ணுவிட்ட தாத்தா.

0, 1 எழுதுறது எப்படி?

முதல் வழி ரொம்ப நேரடியானது. பல நீளத்துல ரெசொனேட்டரை வரிசையா வைங்க. ரீடர் கீழ் அதிர்வெண்ல இருந்து மேல வரைக்கும் ஒரு தடவை துழாவும். எங்கெல்லாம் ரெசொனேட்டர் இருக்கோ அங்கெல்லாம் திரும்பி வர்ற அலையில ஒரு பள்ளம் விழும். பள்ளம் இருந்தா ஒரு பிட், இல்லைன்னா எதிர் பிட். ஒரு ரெசொனேட்டருக்கு 1 பிட்.

ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகத்துல பிரெராடோவிச், கர்மாக்கர் ரெண்டு பேரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2009-ல வெளியிட்டது இந்த வகைதான். 3.1-ல இருந்து 7 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் 35 சுருள் வடிவ ரெசொனேட்டர், 35 பிட். 35 பிட்னா 3,435 கோடி வேற வேற நம்பர் வரும். உலக ஜனத்தொகையை விட நாலு மடங்குக்கு மேல! ஆனா 35 சுருளும் ரெண்டு ஆன்டெனாவும் வைக்கணும்னா இடம் வேணும். தீப்பெட்டி மேல அது உக்காராது.

ரெண்டாவது வழி கொஞ்சம் சாமர்த்தியமானது. பள்ளம் இருக்கா இல்லையான்னு கேக்காம, எங்க இருக்குன்னு கேக்கறது. ஒரு ரெசொனேட்டருக்கு 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு ஜன்னல் ஒதுக்குங்க. அதை 50 மெகாஹெர்ட்ஸ் வீதம் 10 கட்டமா பிரிங்க. பள்ளம் எந்தக் கட்டத்துல விழுதோ அது 0-ல இருந்து 9 வரைக்கும் ஒரு இலக்கம். இந்த மாதிரி 7 ரெசொனேட்டர் வச்சா 7 இலக்க நம்பர், அதாவது 1 கோடி நம்பர். முதல் வழியில அதே 7 ரெசொனேட்டருக்கு எத்தனை வரும் தெரியுமா? வெறும் 128. உருவத்தை ரெண்டு மி.மீ. இழுத்து சுருக்கறதுலயே இவ்வளவு வித்தியாசம்.

பிரான்ஸ்ல கிரெனோபிள் குழுவுல வேனா, பெரே, தெஜினி மூணு பேரும் 2011-ல இதுக்கு மேல ஒரு படி போனாங்க. பள்ளம் விழுற இடத்தோட, அலையோட கட்ட மாற்றத்தையும் சேர்த்து எழுதினாங்க. அஞ்சே அஞ்சு 'சி' வடிவம், 2 செ.மீ.க்கு 4 செ.மீ. இடம், 22.9 பிட். சுமார் 78 லட்சம் நம்பர். தனியா ஆன்டெனாவே கிடையாது, அந்த வடிவமே ஆன்டெனா, அதுவே மெமரி. நம்ம பக்கத்துல கொச்சி பல்கலைக்கழக எலெக்ட்ரானிக்ஸ் துறையிலயும் 2012-ல இருந்து இது சம்பந்தமா நல்ல பேப்பர்கள் வந்திருக்கு. கிளாஸ் மக்களே, லிட்டரேச்சர் சர்வே எழுதுறப்ப அதை விட்டுடாதீங்க.

மெஷின்மேன் கேட்ட மூணு கேள்வி

எங்க அப்பா சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல மெஷின்மேன். காலண்டர், லேபிள், பில் புக்னு அச்சடிச்சே எங்களை வளர்த்தவர். தீபாவளி லீவுல, 'அச்சடிக்கிற டேக்'னு நான் சொன்னதும் டீயைக் கீழ வச்சிட்டார்.

முதல் கேள்வி: "எவ்வளவு தப்பினா பரவாயில்லைடா?"

கணக்குப் போட்டோம். 50 மெகாஹெர்ட்ஸ் கட்டத்துக்கு நடுவுல பள்ளம் விழணும். 25 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தா பக்கத்துக் கட்டத்துக்குப் போயிடும், 4 ஆனது 5 ஆயிடும். 5 கிகாஹெர்ட்ஸ்ல 25 மெகாஹெர்ட்ஸ்னா அரை சதவீதம். 15 மி.மீ.ல அரை சதவீதம், 0.075 மி.மீ. ஒரு ஏ4 தாளோட தடிமனே கிட்டத்தட்ட 0.1 மி.மீ. அப்பா சிரிச்சார். "இங்க் பரவும்டா. மழை நாள்ல பேப்பரே விரியும். வறண்ட ஊருங்கறதாலதானே இங்க இவ்வளவு பிரஸ் இருக்கு."

ஈரம் இன்னொரு வேலையும் பண்ணும்னு நான் சொன்னேன். பேப்பர் தண்ணியைக் குடிச்சா அதோட மின் குணமே மாறி, எல்லாப் பள்ளமும் கீழ் அதிர்வெண் பக்கம் நகரும். லேப்ல எங்க டேக்கை தண்ணி பாட்டில் மேல ஒட்டினப்ப ஸ்க்ரீன்ல பள்ளம் நகர்ந்து, மங்கி, கடைசியில காணாமலே போனதை நானே பாத்தேன். தண்ணியும் உலோகமும் இதுக்கு ஜென்ம சத்துரு. இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. ஒரு ரெசொனேட்டரை எல்லா டேக்லயும் ஒரே நீளத்துல வச்சிட்டா, அது எவ்வளவு நகர்ந்திருக்கோ அதை வச்சு மத்ததைத் திருத்திக்கலாம். ஆனா 7 இலக்கத்துல ஒண்ணு போச்சு. 1 கோடி நம்பர் 10 லட்சமா இறங்கிடும்.

ரெண்டாவது கேள்வி: "இங்க்ல கரண்ட் போகுமா?"

சாதா இங்க்ல போகாது. வெள்ளித்துகள் கலந்த இங்க் வேணும், அது விலை. அடிச்ச பிறகு சூடு காட்டணும். இன்னொரு சிக்கல், ஆஃப்செட்ல படியுற இங்க் சுமார் 1 மைக்ரான்தான். சுத்தமான தாமிரத்துலயே 5 கிகாஹெர்ட்ஸ் கரண்ட் கிட்டத்தட்ட 1 மைக்ரான் ஆழத்துல ஓடும். தாமிரத்தை விட மோசமா கடத்துற இங்க்ல அதுக்கு இன்னும் ஆழம் வேணும். இல்லைன்னா பள்ளம் ஆழமா விழாம ஏதோ தட்டு மாதிரி இருக்கும். "அப்ப ஸ்க்ரீன் பிரிண்டிங்ல கனமா அடிக்கணும்னு சொல்லு"ன்னார். அதேதான்.

மூணாவது கேள்விதான் கேள்வி. "ஒரு பிளேட் போட்டா பத்தாயிரம் தாளும் ஒரே மாதிரிதான் வரும். ஒவ்வொண்ணுக்கும் வேற நம்பர் எப்படி வரும்?"

யோசிச்சுப் பாருங்க. அச்சோட சிக்கனமே ஒரே மாதிரி அடிக்கறதுலதான் இருக்கு. டேக்கோட வேலையே ஒவ்வொண்ணும் வேற மாதிரி இருக்கறதுதான். அவரே பதிலும் சொன்னார். பில் புக் அடிக்கறப்ப கோடு, கம்பெனி பேர் எல்லாம் பிளேட்ல வந்துடும். சீரியல் நம்பரை மட்டும் நம்பரிங் மெஷின் தனியா குத்தும். அதே மாதிரி எல்லா ரெசொனேட்டரையும் பொதுவா அடிச்சிட்டு, அப்புறம் வேணுங்கிற இடத்துல மட்டும் ஒரு சின்ன மாத்தம் பண்ண முடியாதா?

மோனாஷ்காரங்க செஞ்சது கிட்டத்தட்ட இதான்! பிட்டை மாத்தறதுக்கு அவங்க சுருளையே எடுத்துடலை. சுருளோட சுத்துகளை ஒரு துண்டு உலோகத்தால இணைச்சு ஷார்ட் பண்ணிட்டா, அதோட ஒத்ததிர்வு படிக்கிற எல்லைக்கு வெளியே ஓடிடும். படம் அதே படம், வித்தியாசம் ஒரு குட்டித் துண்டு. அந்தப் பக்கத்தை நான் பல தடவை படிச்சிருக்கேன். ஒரு பிரஸ்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

சிப் பாத்த வேலையை இனி யார் பாப்பா?

இப்போ மெயின் மேட்டர். சிப் சும்மா நம்பரை மட்டும் வச்சிக்கிட்டு இருக்கலை. கூட்டமா நூறு டேக் இருந்தா 'நீ இரு, நான் முதல்ல பேசறேன்'னு வரிசையில வந்து பேசுது. நம்பரை மாத்தி எழுத விடுது. பாஸ்வேர்ட் கேக்குது. 'இனிமே வாயைத் திறக்காதே'ன்னு கட்டளை கொடுத்தா நிரந்தரமா அடங்கிடுது.

சிப்பில்லா டேக்குக்கு இது எதுவும் தெரியாது. ரெண்டு டேக் பக்கத்துல பக்கத்துல இருந்தா ரெண்டோட பள்ளமும் ஒண்ணு மேல ஒண்ணு விழும், எது யாருதுன்னு பிரிக்கறது ரீடர் தலையில. சுவர், மேஜை, ஆள் எல்லாத்துலயும் பட்டு வர்ற எதிரொலியைக் கழிக்கறதும் ரீடர் வேலை. தூரம் ரெண்டு மடங்கானா திரும்பி வர்ற சக்தி 16-ல ஒரு பங்கா குறையும். பத்து மடங்கானா 10,000-ல ஒரு பங்கு. சரி, சக்தியைக் கூட்டிடலாம்னா சட்டம் விடாது. 3.1-ல இருந்து 10.6 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் 2002-ல அமெரிக்கா வச்ச வரம்பு, 1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 75 நானோவாட். அதனாலதான் பேப்பர்கள்ல வர்ற தூரம் பெரும்பாலும் சென்டிமீட்டர் கணக்குல இருக்கு.

அப்போ ரீடர்? பல கிகாஹெர்ட்ஸ் அகலத்தைத் துழாவி, மெல்லிய பள்ளத்தைக் கண்டுபிடிக்கணும். எங்க லேப்ல அந்த வேலையைச் செய்யறது வெக்டர் நெட்வொர்க் அனலைசர். விலை லட்சங்கள்ல. பார்கோடை என் பழைய செல்போன் கேமராவே படிச்சிடும்.

என் கருத்து இதான். சிப்பை எடுத்தா செலவு மறையறதில்லை. டேக்ல இருந்து இறங்கி பாதி ரீடர் மேலயும் பாதி அச்சு மெஷின் மேலயும் ஏறி உக்காருது. 'டேக் சில பைசாதான்'னு சொல்ற எந்தப் பேப்பரைப் படிச்சாலும், யாருக்கு சில பைசான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. லட்சக்கணக்குல டேக் ஒட்டி ஒரே இடத்துல படிக்கிற பெரிய குடோனுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகலாம். ஒரு ரீடர் வாங்கி ஆயிரம் சாமான் விக்கிற எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு ஆகாது. இதுக்கு நடுவுல சிப் டேக்கே விலை இறங்கி, மொத்தமா வாங்கினா சில ரூபாய்க்கு வந்துடுச்சு. பந்தயத்துல எதிராளியும் ஓடிக்கிட்டேதானே இருக்கான்.

அப்புறம் ஏன்டா இதையே பிடிச்சுத் தொங்கறேன்னு கேப்பீங்க. ஒரு காரணம் இருக்கு. நம்பர் எழுத எது எதிரியோ, அதையே அளக்கறதுன்னு வச்சிக்கிட்டா ஆட்டமே மாறிடும். ஈரம் பட்டா பள்ளம் நகருதுல்ல? அப்போ எவ்வளவு நகர்ந்துச்சுன்னு பாத்தா எவ்வளவு ஈரம்னு தெரியும். பேட்டரியும் சிப்பும் இல்லாத ஈர மானி! அதுக்கு கோடிக்கணக்குல நம்பர் வேண்டாம், ரெண்டு ரெசொனேட்டர் போதும்: ஒண்ணு அளக்க, ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க. நிறைய ஆராய்ச்சிக் குழுக்கள் இப்போ வெப்பம், ஈரம் அளக்கற இந்தப் பக்கம் போயிட்டு இருக்காங்க. பேப்பர் கட்டுக்கு நடுவுல ஒரு டேக்கைச் சொருகி, கட்டைப் பிரிக்காமலே ஈரம் பாக்க முடிஞ்சா பிரஸ்ல அது உபயோகப்படுமான்னு அப்பாகிட்ட கேட்டேன். "எவ்வளவுக்கு வரும்?"னு கேட்டார். ரெண்டாவது ரிவ்யூவுக்குள்ள அதுக்கு ஒரு பதில் கண்டுபிடிக்கணும்.

பின்குறிப்பு 1: லேப்ல அனலைசர் ஒண்ணே ஒண்ணுதான். வியாழன் மத்தியானம் என் ஸ்லாட். ஆன்டெனா குரூப் மக்கள் தயவுசெஞ்சு அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் கண்ணை மூடிக்கோங்க.

பின்குறிப்பு 2: வெள்ளி இங்க் சின்ன அளவுல எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, புண்ணியமா போகும். ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு ஆள் ரெடியா இருக்கார்.